அக்ஷயநீவி: போரிவலிக் காடும் எரிந்துபோன முதலும்

மும்பையில் குடியேறிய நம்மவர்களுக்கு அந்த இடத்தின் முழுப்பெயர் வாயில் வந்ததே இல்லை. வாசல் பலகையில் 'சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா' என்று இருக்கும். நம் வீடுகளில் 'நேஷனல் பார்க்' என்றால் போதும். ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் முதல் ஞாயிறு மகாலக்ஷ்மி கோயில், இரண்டாவது ஞாயிறு நேஷனல் பார்க். புளியோதரையும் தயிர்சாதமும் தூக்கில் கட்டிக்கொண்டு போரிவலி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். 'வனராணி' என்ற குட்டி ரயிலில் சுற்றாத மும்பைத் தமிழ்ப் பிள்ளை இருந்திருக்க முடியாது. 2021 மே மாதப் புயலில் அதன் தண்டவாளம் சேதமாகும் வரை அது ஓடிக்கொண்டிருந்தது. இப்படி 'பார்க், பார்க்' என்று சொல்லிச் சொல்லியே அது ஒரு காடு என்பது நமக்கு மறந்துபோயிற்று. சுமார் 104 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் போரிவலி, கோரேகாவ். மறுபக்கம் முலுந்து, தாணே. இரண்டு கோடி ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் ஒரு நகரத்தின் நடுவயிற்றில் சிறுத்தை குட்டி போடுகிற காடு உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? 2015-இல் கேமரா வைத்து எண்ணியபோது பூங்காவிலும் அதைச் சுற்றியும் 35 சிறுத்தைகள் கணக்கில் வந்தன.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் 3, திங்கட்கிழமை. மாலை ஆறரை மணிக்குச் சற்று முன்னால், கோரேகாவ் கிழக்கில் திண்டோஷியை ஒட்டி, ஆரே காலனிக்கும் பூங்காவுக்கும் அடுத்தாற்போல் இருக்கும் குன்றுச் சரிவில் தீப்பிடித்தது. காற்று கைகொடுக்க, இருட்டுவதற்குள் சரிவு முழுக்கச் செந்நிற மாலை போட்டதுபோல் ஆகிவிட்டது. அடுக்குமாடி ஜன்னல்களில் நின்று ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் வரிசையாக வந்தும் மேலே ஏறப் பாதை இல்லை. வனத்துறை ஊழியர்களும் தன்னார்வ இளைஞர்களும் பக்கத்துக் குக்கிராமத்து ஆதிவாசிகளும் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தே நெருப்பை அணைக்கப் பார்த்தார்கள். மறுநாள் விடிவதற்குள்தான் அடங்கியது. மனித உயிர்ச்சேதம் இல்லை என்றதும் செய்தி ஆறிப்போனது.

அந்த நாட்களில் பலர் சொல்லக் கேட்ட ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "என்ன பெரிசா போச்சு, காய்ஞ்ச புல்லுதானே எரிஞ்சது" என்றார்கள். படித்தவர்களும் சொன்னார்கள். நாற்பது வருஷமாகப் பாத்திர வியாபாரம் செய்கிறவன் நான். கணக்குப் புத்தகத்தில் 'பழைய பித்தளை' என்று ஒரு வரியில் எழுதி எதையெல்லாம் மறைக்கலாம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த மலையின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கத் தோன்றியது.

மலையின் பழைய ஏடு

அந்த மலைக்குப் பழைய பெயர் கிருஷ்ணகிரி. பிராகிருதத்தில் கண்ஹகிரி. அதுதான் தேய்ந்து கான்ஹேரி ஆயிற்று. கரிய பாறையின் நிறத்தால் வந்த பெயர் என்பார்கள். நம் தர்மபுரி பக்கத்துக் கிருஷ்ணகிரிக்குப் பங்காளிப் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். பூங்காவுக்கே முதலில் கிருஷ்ணகிரி என்றுதான் பெயர் இருந்தது. அப்போது பரப்பளவு 20 சதுர கிலோமீட்டர்தான். பிறகு சுற்றிலும் இருந்த ரிசர்வ் காடுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். போரிவலி தேசியப் பூங்கா என்றார்கள். 1980-களில் இப்போதைய பெயர் வந்தது.

காட்டின் நடுவே, நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் அந்தப் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் வருஷம் அங்கே பௌத்தத் துறவிகள் வாழ்ந்தார்கள். பௌத்தர் இடத்தில் சமணனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்கலாம். மழைக்காலத்தில் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்ற விதி இரண்டு பேருக்கும் பொது. மலையும் நீரும் நிழலும் இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தன. இன்னொன்றும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பிரதேசம் ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் ஆட்சியில் இருந்தது. அவர் ஆதிபுராணம் இயற்றிய ஜினசேனாசாரியாரை வணங்கிய ஜைன மன்னர். அவருக்கு அடங்கிய சிலாஹார சிற்றரசர்கள் காலத்தில், அவர் பெயரைச் சொல்லித் தொடங்கும் சாசனங்களில், இதே கான்ஹேரி பௌத்த மடத்துக்குத் தானங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கி.பி. 850-ஐ ஒட்டிய ஒரு சாசனத்தில், கௌட தேசமாகிய வங்காளத்திலிருந்து வந்த ஓர் உபாசகர் நூறு திரம்மக் காசு முதலாக வைத்திருக்கிறார். ஜைன அரசனின் நாட்டில், பௌத்த மடத்துக்கு, வெளியூர்க்காரர் வைத்த முதல். பிழைக்க வந்த ஊரின் மலைக்கு அவர் செய்ததைப் படிக்கும்போது, இந்த மலரை வாசிக்கும் நமக்கெல்லாம் கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும்.

ஆனால் எனக்கு அதிகம் பிடித்தவை அதற்கும் அறுநூறு எழுநூறு வருஷம் முந்தைய பிராமிக் கல்வெட்டுகள். சாதவாகனர் காலத்தவை. பெரிய சைத்தியக் குகையில் யக்ஞ சாதகர்ணியின் பெயர் இருக்கிறது, சரி. ஆனால் ராஜாக்களைவிட அங்கே அதிகம் பேசுவது கல்யாண், சோபாரா, சேவூல் ஊர்களின் ஜனங்கள்தான். வியாபாரிகள், கைவினைஞர்கள், பிக்குணிகள், குடும்பப் பெண்கள். கல்யாண் ஊர்ப் பொற்கொல்லன் ஒருவன் ஒரு நீர்த்தொட்டி வெட்டிக் கொடுத்திருக்கிறான். அதே ஊர்க் கருமான் ஒருவன் ஒரு நடைபாதை போட்டுத் தந்திருக்கிறான். வியாபாரியைக் குறிக்க அங்கே வருகிற சொல் 'நேகம'. இதைப் படித்ததும் எனக்கு மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலை ஞாபகம் வந்துவிட்டது. அங்கே சமண முனிவர்களுக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்தவர்களில் வெள்ளறை ஊர் நிகமத்தார் உண்டு. நேகமவும் நிகமமும் ஒரே வேர். அழகர்மலைக் குகையிலும் உப்பு விற்றவன், துணி விற்றவன், கொழு விற்றவன் என்று மதுரை வணிகர் பெயர்களாகவே இருக்கின்றன. ஐராவதம் மகாதேவன் அவர்கள் 2003-இல் வெளியிட்ட பெருநூலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படங்களைப் பார்த்தால், மேற்குக் கடற்கரையிலும் வைகைக் கரையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள் ஒரே மாதிரி காரியம் செய்திருக்கிறார்கள் என்பது விளங்கும். ஊரில் சம்பாதித்ததில் ஒரு பங்கை மலையில் கொண்டு போய் வைத்திருக்கிறார்கள்.

எப்படி வைத்தார்கள் என்பதுதான் விஷயம். கான்ஹேரிக் கல்வெட்டுகளில் 'அகயநீவி' என்று ஒரு சொல் வருகிறது. சமஸ்கிருதத்தில் அக்ஷயநீவி. நீவி என்றால் முதல். அக்ஷயம் என்றால் குறையாதது. ஒரு தொகையையோ வயலையோ கொடுத்துவிட்டால், முதலில் யாரும் கை வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் வருமானத்தில்தான் துறவிகளுக்கு மழைக்கால ஆடையும் பிறவும். இதற்காகக் கொடுக்கப்பட்ட வயல்களில் ஒன்று மங்கலத்தானம் என்ற ஊரில் இருந்தது. அது வேறெங்கோ இல்லை. போரிவலி கிழக்கில் இன்று மாகாதாணே என்று மெட்ரோ நிலையம் இருக்கிறதே, அதே ஊர்தான். இரண்டாயிரம் வருஷத்துப் பெயர் இன்று ரயிலில் ஒலிபெருக்கியில் கேட்கிறது. இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்!

நம் பக்கத்துக் கோயில் சாசனங்களில் இதே ஏற்பாட்டுக்கு இன்னும் அழகான பெயர் உண்டு: 'சாவா மூவாப் பேராடு'. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு என்று கொடுப்பார்கள். கிழமாகிற ஆடும் சாகிற ஆடும் உண்டுதானே. ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே வரவேண்டும். மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. நெய் மட்டும் கோயிலுக்கு. நம் ஜினாலயங்களிலும் இப்படி விளக்குக்கு வைத்த தானங்கள் உண்டு. கடைசியில் 'சந்திராதித்தர் உள்ளவரை' என்றும், இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் எழுதி வைப்பார்கள்.

காடு என்பது இப்படிப்பட்ட ஒரு முதல். இதைக் கவித்துவமாகச் சொல்லவில்லை. கான்ஹேரியில் போய்ப் பார்த்தால் கண்ணாலேயே காணலாம். அந்தக் குகைகளின் மேல் மண்டபப் பாறையில் வாய்க்கால் வாய்க்காலாக வெட்டியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் அவற்றின் வழியே வழிந்து குகை வாசலில் உள்ள தொட்டிக்கு வரும். தொட்டிக்கு அங்கே 'போடி' என்று பெயர். பெரும்பாலான குகைகளுக்குச் சொந்தமாக ஒரு போடி. நாலு மாத மழையை எட்டு மாத வெயிலுக்குச் சேமிக்கிற ஏற்பாடு. மலைக்கு மேலே மரமும் புதரும் சருகும் இருந்து மண்ணைப் பிடித்துக்கொண்டால்தான் நீர் தெளிந்து வரும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே தொட்டி சேறாகிவிடும். பொற்கொல்லன் கொடுத்த தொட்டி வட்டி என்றால், அதற்கு மேலே நின்ற காடுதான் முதல்.

வெள்ளைக்காரனும் அதே கணக்கைத்தான் போட்டான்

1850-களில் பம்பாயில் கிணறுகளும் குளங்களும் போதாமல் போயின. மழை பொய்த்த வருஷத்தில் ஊருக்குள் இருந்த ஆடுமாடுகளை வெளியே ஓட்டிவிடும் நிலை வந்ததாகப் படித்திருக்கிறேன். அப்போது ஹென்றி கானிபியர் என்ற பொறியாளர் தேர்ந்தெடுத்த இடம் இதே காட்டின் தெற்குப் பள்ளத்தாக்கு. 1856-இல் வேலை தொடங்கி 1860-இல் விஹார் ஏரி முடிந்தது. பம்பாய்க்குக் குழாயில் வந்த முதல் தண்ணீர் அதுதான். அது போதாமல் 1879-இல் அதற்கு மேலே துளசி ஏரி. விஹார் என்ற பெயரே பழைய பௌத்த விஹாரத்தை நினைவூட்டுகிறது.

ஏரி கட்டியதற்கும் காடு தப்பியதற்கும் சம்பந்தம் உண்டு. ஏரியில் விழும் மழைநீரைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதற்காகச் சுற்றியிருந்த மலைகளில் குடியேற்றம் தடுக்கப்பட்டது. நகரம் தெற்கிலிருந்து வடக்கே தாவித் தாவி வந்தபோதும் இந்த ஒரு துண்டு மிஞ்சியதற்குப் பெரிய காரணம் தண்ணீர்தான். சிறுத்தை மேல் யாருக்கும் வந்த இரக்கம் இல்லை. இன்று மும்பை குடிக்கும் தண்ணீரில் இந்த இரண்டு ஏரியின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவே. மிச்சமெல்லாம் தூரத்து அணைகளிலிருந்து வருகிறது. அதனால்தானோ என்னவோ நகரத்துக்கு இந்த மலை மேல் இருந்த பயபக்தியும் நூற்றுக்கு மூன்றாகிவிட்டது.

தண்ணீர் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. தஹிசர், போயிசர், ஓஷிவாரா என்ற மூன்று ஆறுகளும் இந்தக் காட்டில் பிறக்கின்றன. விஹாரிலும் போவாயிலும் வழிகிற நீர்தான் மித்தி ஆறு. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி பொங்கியபோது குர்லாவிலும் சயானிலும் தாராவிப் பக்கமும் நம் ஜனங்கள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அத்தனை மழையை எந்தக் காடும் முழுக்கக் குடித்துவிட முடியாது, உண்மைதான். ஆனால் மரமும் சருகும் இருந்தால் தண்ணீர் நடந்து வரும். எரிந்து மொட்டையான சரிவில் ஓடி வரும். வருகிறபோது மண்ணையும் கூட்டிக்கொண்டு வரும்.

எரிந்தது என்ன?

'காய்ஞ்ச புல்லு' என்றார்களே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். இந்தக் காடு இலையுதிர் காடு. தேக்கு, கருமருது, முள்ளிலவு, புரசு, கடம்பு, மூங்கில். ஆடி ஆவணியில் பார்த்தால் பச்சைக் கடல். மாசி பங்குனியில் பார்த்தால் எலும்புக்கூடு. உதிர்ந்த தேக்கிலை ஒவ்வொன்றும் அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். நம் சங்கப் புலவர்கள் பாலை நிலத்தைப் பாடும்போது மூங்கில் மூங்கிலோடு உராய்ந்து தீப்பற்றும் என்பார்கள். அழகான கற்பனை. ஆனால் இந்த நாட்டில் காட்டுத்தீயில் மிகப் பெரும்பகுதி மனிதன் கையால் வருவது என்பதே வனத்துறையின் அனுபவம். புதுப்புல் முளைக்கட்டும் என்று வைப்பது, குப்பை கொளுத்துவது, அடுப்பை அணைக்காமல் போவது, வேண்டுமென்றே வைப்பது. இப்போதெல்லாம் செயற்கைக்கோளே தீயைப் பார்த்துவிடுகிறது; இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் அப்படிப் பார்த்து மாநிலங்களுக்குத் தகவல் அனுப்பி வருகிறது. ஆகாயத்திலிருந்து தெரிகிறது, பக்கத்து மாடியிலிருந்துதான் புல்லாகத் தெரிகிறது.

தரையோடு ஓடுகிற இந்தத் தீயில் பெரிய மரம் பெரும்பாலும் சாகாது. தேக்கின் பட்டை தடிமன். அடுத்த மழையில் மறுபடி துளிர்த்துவிடும். அதைப் பார்த்துத்தான் 'ஒண்ணும் ஆகலே, பச்சையாயிட்டுதே' என்கிறார்கள். செத்தது எது? இரண்டு வயசு, மூன்று வயசுக் கன்றுகள். மந்தையில் கிழ ஆடுகளை விட்டுவிட்டுக் குட்டிகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போன மாதிரி. தலை எண்ணினால் இன்றைக்குக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். முப்பது வருஷம் கழித்துக் கிழ மரங்கள் விழும்போது அந்த இடத்தில் நிற்க ஆள் இருக்காது. வருஷா வருஷம் எரிகிற சரிவில் தேக்கு மாதிரி நெருப்பைத் தாங்கும் இரண்டொரு மரமும் உண்ணிச்செடியும் புல்லும்தான் கடைசியில் மிஞ்சும். பிறகு அது நிஜமாகவே 'காய்ஞ்ச புல்லு' ஆகிவிடும். சாவா மூவாப் பேராடு என்ற சொல்லுக்கு நேர் எதிரானது இது.

கார்வி என்றொரு செடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் குறிஞ்சிக்குத் தங்கை முறை. இரண்டும் ஒரே பேரினம். கொடைக்கானல், மூணாறில் குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிறது. கடைசியாக 2018-இல் பூத்தது. போரிவலிக் காட்டில் கார்வி 8 வருஷத்துக்கு ஒருமுறை. 2008, 2016, 2024 என்று மலையே ஊதா நிறமாகும். எட்டு வருஷம் இலையாகவே நின்று, ஒரே ஒரு முறை பூத்து, காய்த்து, அப்படியே செத்துவிடும். காய்ந்த தண்டுகளை ஆதிவாசிகள் வெட்டி எடுத்து, சாணம் பூசிக் குடிசைச் சுவர் கட்டுவார்கள். விதை வெடித்துத் தரையில் விழுந்து, அடுத்த எட்டு வருஷத்துக்கான கன்று கீழே முளைத்து வரும். இப்படிப் பூத்து முடிந்த இரண்டாவது வருஷத்தில்தான் 2018 தீ வந்தது. பழைய தண்டு மேலே காய்ந்து நிற்கிற, புதிய கன்று கீழே சின்னதாக இருக்கிற காலம். கார்விக்கு இதைவிடக் கெட்ட நேரம் வேறு இல்லை. கார்வி நின்ற இடத்தில் எரிந்திருந்தால் அந்தத் துண்டுக்கு 2024 வந்தும் வராத மாதிரிதான்.

ஓடத் தெரிந்தது ஓடியிருக்கும். சிறுத்தையும் மானும் மேலே ஏறிப் போயிருக்கும். ஆமையும் உடும்பும் ஓணானும் எங்கே போகும்? புழுவும் எறும்பும் சிலந்தியும்? எங்கள் ஆகமத்தில் உயிர்களை முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள்: திரசம், ஸ்தாவரம். நகரக்கூடியது, நகர முடியாதது. மரமும் செடியும் புல்லும் ஸ்தாவரம், ஓரறிவு உயிர். தொல்காப்பியரும் புல்லையும் மரத்தையும் ஓரறிவில்தான் வைத்தார். அந்த ஓர் அறிவு தொடு உணர்ச்சி. பார்க்காது, கேட்காது, ஓடாது. சூடு மட்டும் தெரியும்.

இதைத் தத்துவமாக மட்டும் பெரியவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. வியாபாரச் சட்டமாகவே ஆக்கினார்கள். சுவேதாம்பரர்களின் உபாசகதசா என்ற அங்க ஆகமத்தில் ஆனந்தன் என்ற வணிகக் குடும்பத் தலைவனின் கதை வருகிறது. நிலவறையில் நாலு கோடிப் பொன், வட்டிக்கு விட்டது நாலு கோடி, வீடு வாசலில் நாலு கோடி, நாற்பதாயிரம் பசு. நம்ம செட்டியார்களே வாயைப் பிளக்கிற சொத்து. அவன் மகாவீரரிடம் இல்லற விரதம் ஏற்றபோது, இல்லறத்தான் செய்யக்கூடாத தொழில் பதினைந்து என்று சொல்லப்படுகிறது. கரி சுடுவது, காட்டை வெட்டி விற்பது, தந்தம் விற்பது, விஷம் விற்பது என்று போகிற அந்தப் பட்டியலில் பதிமூன்றாவது 'தவாக்னி' மூட்டுவது, அதாவது காட்டுக்குத் தீ வைப்பது. பதினாலாவது ஏரி குளங்களை வற்ற அடிப்பது. அடுத்தடுத்து வைத்ததைக் கவனியுங்கள். காட்டையும் ஏரியையும் அந்தக் காலத்தவர் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குஜராத்தில் ஹேமசந்திரரும் இதை விளக்கினார். திகம்பரர்களாகிய எங்கள் பக்கத்தில் பதிமூன்றாம் நூற்றாண்டின் ஆசாதரர் சாகார தர்மாமிருதத்தில் இந்தக் கொடுந்தொழில்களைக் குறிப்பிடுகிறார்.

எனக்கு இதில் ஆச்சரியம் என்னவென்றால், தீ வைப்பதை 'தொழில்' என்று எழுதியதுதான். கோபத்தில் வைப்பது, கவனக்குறைவில் வைப்பது பற்றி அவர்கள் இங்கே பேசவில்லை. காடு எரிவதால் ஒருவனுக்கு லாபம் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அந்த லாபம் புதுப்புல், மேய்ச்சல், உழவு நிலம். இன்றைக்கு?

எல்லைக்கோடு

2018 தீ எரிந்த சரிவு பூங்காவின் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பது. பூங்காவுக்குள் சேராத, தனியார் பெயரில் உள்ள நிலமும் அதில் உண்டு என்று அப்போது பேச்சு வந்தது. தீ தானாக வந்ததா, வைத்தார்களா என்று ஊரில் சந்தேகம் எழுந்தது. ஆதாரம் இல்லாமல் யாரையும் குற்றம் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை. வைக்கப்பட்டதோ இல்லையோ, இந்த நகரத்தில் மரம் நிற்கிற நிலத்துக்கு ஒரு சட்டம், மொட்டை நிலத்துக்கு வேறு சட்டம் என்பது உலகறிந்தது. பச்சை இருக்கும் வரை 'காடு' என்று கேஸ் போடலாம். ஐந்து வருஷம் விடாமல் எரிந்துவிட்டால் 'காலி மனை'. மும்பையில் ஒரு சதுர அடி என்ன விலை என்று இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிறுத்தைக்கு அந்தக் கோடு தெரியாது. அது பூங்காவில் தூங்கி ஆரேயில் இரை தேடும். ஆரேயில் தலைமுறையாக இருக்கும் வார்லி, கொக்னா, மல்ஹார் கோலி மக்களுக்கும் அந்தக் கோடு வெகு நாள் தெரியாது. அவர்கள் வாகோபா என்று புலிச்சாமியை வைத்துக் கும்பிட்டுக்கொண்டு அதே காட்டில் இருந்தார்கள். நம் ஊரில் ஐயனார் குதிரை நிற்கிற தோப்பில் யாரும் விறகு ஒடிக்க மாட்டார்கள், அந்த மாதிரி. கோடு போட்டவர்கள் பிறகு வந்தவர்கள். 1949-இல் ஆரே பால் பண்ணைக்காக ஒரு பக்கம் எடுக்கப்பட்டது. அதன்பின் சினிமா நகரம். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது; குழந்தைகளுக்குப் பால் வேண்டாமா? 1995-இல் ஒரு பொதுநல அமைப்பு வழக்குப் போட்டு, 1997-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னபோது ஆயிரக்கணக்கான ஏழைக் குடிசைகள் இடிக்கப்பட்டன. காட்டைக் காப்பாற்றியது அந்தத் தீர்ப்பு என்பது உண்மை. இடிந்த குடிசைகளுக்கு அடுத்த தெருவிலேயே மலையைப் பார்த்தபடி மாடங்கள் வைத்த கோபுரங்கள் எழும்பின என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். 2016 டிசம்பரில் பூங்காவைச் சுற்றிச் சூழல் காப்பு மண்டலம் என்று மத்திய அரசு அறிவித்தது. சரியாக இரண்டு வருஷத்தில் அந்தத் தீ.

அதற்கு அடுத்த வருஷம் நடந்ததையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். 2019 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு, மெட்ரோ ரயில் பணிமனைக்காக ஆரேயில் மரம் வெட்டத் தொடங்கினார்கள். 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொல்வதற்குள் இரண்டாயிரத்துக்கு மேல் மரங்கள் விழுந்துவிட்டன. காலேஜ் பிள்ளைகள் இராத்திரியில் ஓடிப்போய் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று கைதானார்கள். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். தீயை ஜன்னலில் நின்று பார்த்த வீடுகளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் பிள்ளைகள் இறங்கிப் போனார்களே என்று எனக்கு அதில் ஒரு நிம்மதி. 2020-இல் ஆரேயில் சுமார் 800 ஏக்கரை ரிசர்வ் காடாக அறிவித்தார்கள். 2022-இல் பணிமனை மறுபடி அங்கேயே வந்தது. ஆட்சிக்கு ஆட்சி கணக்கு மாறுகிறது. நீவி என்னவோ குறைந்துகொண்டே வருகிறது.

பூங்காவின் போரிவலிப் பக்கத்து விளிம்பில் திருமூர்த்தி திகம்பர ஜைன ஆலயம் இருக்கிறது. ஆதிநாதர், பரதர், பாகுபலி மூவரும் வானத்தைப் பார்த்து நிற்கும் பெரிய சிலைகள். பாகுபலி நின்றது நின்றபடி தவம் செய்ததில் காலடியில் புற்று எழுந்தது, கொடி முளைத்துத் தொடையிலும் தோளிலும் படர்ந்தது என்பது கதை. அவர் அசையவே இல்லை என்பதைக் காட்டச் சிற்பிகளுக்குக் கொடிதான் அடையாளம். ஒரு கொடி தோள் வரை ஏற எத்தனை மழைக்காலம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கான்ஹேரிக்குப் போகிறவர்கள் மழை முடிந்த கையோடு, புரட்டாசி ஐப்பசியில் போவது நல்லது. வாசலிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் உள்ளே. குகை குகையாகப் புத்தர் சிலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், வாசல் ஓரத்துத் தொட்டிகளைக் குனிந்து பாருங்கள். பல தொட்டிகளில் அப்போது தண்ணீர் நிற்கும். மேலே பாறையில் ஏறிப்போய், அந்தத் தண்ணீர் வந்த வாய்க்காலைக் காலால் தடவிக்கொண்டே நடந்தால் அது உங்களைக் காட்டுக்குள் கொண்டு போய் விடும்.